விலை மலிவு டேப்லெட்டும் பழைய போனும் வச்சு கிளாஸ் எடுக்கறவங்களுக்கு, என் அனுபவத்துல இருந்து கொஞ்சம்

"கம்ப்யூட்டர் குடுத்துட்டா பசங்க தானா படிச்சிடுவாங்க"னு ஒரு கூட்டம், "போனைத் தொட்டாலே கெட்டுப் போயிடுவாங்க"னு இன்னொரு கூட்டம். ஸ்டாஃப் ரூம்ல இந்த ரெண்டையும் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. நான் மிடில் ஸ்கூல்ல சயின்ஸும் கணக்கும் எடுக்கறவ, விலை குறைஞ்ச டேப்லெட், யாரோ யூஸ் பண்ணிட்டு குடுத்த லேப்டாப், ஸ்டாஃப் வீட்ல டிராயர்ல தூங்கிட்டு இருந்த பழைய போன், இதெல்லாம் கலந்துகட்டி வச்சு சில வருஷமா வகுப்பு ஓட்டிட்டு இருக்கேன். இதுல எனக்குப் புரிஞ்ச ஒரே விஷயம், ஒரு பிள்ளை ஒண்ணை செஞ்சு பார்த்து, சொதப்பி, யாரும் சிரிக்கிறதுக்கு முன்னாடி அழிச்சிட்டு மறுபடி செய்யறதுக்கு இந்த மலிவு சாமான் இடம் குடுக்குது. அந்த இடம் கிடைக்கிற மாதிரி வேலை குடுத்தா பலன் கண்ணுக்குத் தெரியுது, குடுக்கலன்னா வகுப்புக்குள்ள இன்னொரு டிவி வந்து உக்காந்துச்சு அவ்ளோதான்.

கருவி குடுத்தா போதும்ங்கற நம்பிக்கை ஒண்ணும் புதுசு இல்ல. 2005ல நிக்கோலஸ் நெக்ரோபோன்டேன்னு ஒரு அமெரிக்க கம்ப்யூட்டர் நிபுணர் "குழந்தைக்கு ஒரு லேப்டாப்"னு ஒரு திட்டம் அறிவிச்சாரு, 100 டாலருக்கு லேப்டாப்னு உலகம் பூரா பேச்சு. 2007 கடைசில தயாரிப்பு ஆரம்பிச்சப்போ விலை 188 டாலர் பக்கம் வந்து நின்னுச்சு, ஆனாலும் அந்த நேரத்துக்கு அது பெரிய விஷயம், வெயில்ல கூட படிக்கிற மாதிரி ஸ்க்ரீன், பசங்க கீழ போட்டாலும் தாங்கற பாடி. பெருவுல கிராமத்துப் பள்ளிகளுக்கு நிறைய குடுத்தாங்க. 319 ஆரம்பப் பள்ளிகளை எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2012ல ரிசல்ட் வெளியிட்டாங்க, கணக்குலயும் மொழியிலயும் மார்க் ஏறினதுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கல. யோசிக்கிற திறன்ல கொஞ்சம் முன்னேற்றம் தெரிஞ்சுச்சு, கம்ப்யூட்டர் பழக்கமும் வந்துச்சு, ஆனா எதுக்காக வாங்கினாங்களோ அது நடக்கல.

இதுக்கு நேர் எதிரா ஒரு ஆராய்ச்சி இருக்கு. 2019ல பொருளாதார நிபுணர் கார்த்திக் முரளிதரனும் அவர்கூட சேர்ந்த ரெண்டு பேரும் வெளியிட்டது, டெல்லியில பள்ளி முடிஞ்சப்புறம் சென்டர்ல உக்காந்து பசங்க கம்ப்யூட்டர்ல படிச்ச திட்டம் பத்தி. சுமார் நாலரை மாசத்துல கணக்குலயும் இந்தியிலயும் நல்ல முன்னேற்றம். என்ன வித்தியாசம்னா அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நிக்கிற படியில இருந்து கேள்வி குடுத்துச்சு. ஏழாவது படிக்கிற பையன் நாலாவது கணக்குல மாட்டிக்கிட்டு இருந்தா அங்கேருந்தே ஆரம்பிக்கும். நாற்பது பேரை வச்சுக்கிட்டு ஒரு டீச்சர் இதை செய்ய ஆசைப்படலாம், முடியாது. எப்பவும் பின்னாடி பெஞ்ச்ல இருக்கறவனுக்குப் புரியாத பாடத்தையே நடத்திட்டு இருப்போம், அவனும் புரிஞ்ச மாதிரி தலையாட்டுவான்.

சரி, வகுப்புக்கு வருவோம். எங்ககிட்ட பிள்ளைக்கு ஒண்ணுனு கருவி கிடையாது, மூணு பேருக்கு ஒரு டேப்லெட். முதல்ல இது குறைன்னுதான் எல்லாரும் நினைச்சோம், போகப் போக கணக்கு, சயின்ஸுக்கு மூணு பேருக்கு ஒண்ணுதான் சரியான அளவுன்னு எனக்குத் தோண ஆரம்பிச்சிடுச்சு. ஒருத்தர் தொடுவாங்க, ஒருத்தர் கேள்வியை சத்தமா படிப்பாங்க, ஒருத்தர் நோட்டுல எழுதுவாங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிச்சா இடம் மாறணும். இந்த மணி ரொம்ப முக்கியம், அது இல்லன்னா வேகமா இருக்கற பையன் கையிலயே டேப்லெட் கடைசி வரைக்கும் இருக்கும், மத்த ரெண்டு பேரும் எட்டிப் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. மூணு பேர் இருக்கும்போது ஒருத்தன் தப்பா அமுக்கினா இன்னொருத்தன் "டேய் ஏன்டா அதை அமுக்கின"னு கேப்பான், அவன் காரணம் சொல்லியாகணும், அந்த சண்டையில நடக்கற படிப்பு நான் போர்டுல நடத்தறதை விட அதிகம்.

தனித்தனியா குடுக்கற வேலையும் இருக்கு, அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வாசிப்பு. டேப்லெட்ல ஏற்கனவே இருக்கற வாய்ஸ் ரெக்கார்டர், வேற ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். ஆறாவதுல ஒரு பையன், வகுப்புல எழுப்பி வாசிக்கச் சொன்னா ரெண்டாவது வார்த்தையிலயே நின்னுடுவான், பின்னாடி இருந்து ஒரு சிரிப்பு வரும், அவன் காது சிவந்துடும், அப்புறம் அன்னைக்கு பூரா அவன் வாயே திறக்க மாட்டான். அவன்கிட்ட ஒரு பத்தியைக் குடுத்து "வராண்டாவுல போய் ரெக்கார்ட் பண்ணிட்டு வா, உனக்குப் பிடிக்கிற வரைக்கும் அழிச்சு அழிச்சு பண்ணிக்கோ, எனக்கு கடைசியா வர்றது மட்டும் போதும்"னு அனுப்பினேன். ஜன்னல் வழியா பார்த்தா சுவரைப் பார்த்து நின்னுக்கிட்டு வாசிக்கிறான், காதுல வச்சு கேக்கறான், முகத்தை சுளிக்கிறான், அழிக்கிறான், மறுபடி ஆரம்பிக்கிறான். ரொம்ப நேரம் ஆகியும் வரல, நான் போய்க் கூப்பிட்டா "மிஸ் இன்னும் ஒரே ஒரு வாட்டி மிஸ்"ங்கறான். ஒரே பத்தியை அத்தனை தடவை வாசின்னு நான் சொல்லியிருந்தா அது தண்டனை. இங்க அவனே வாசிச்சான், ஏன்னா தன் குரலை தானே கேட்டா எங்க தடுமாறுதுன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

இதை செய்ய நினைக்கறவங்களுக்கு சில விஷயம். பத்தி ஒரு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது, போச்சுன்னா பையனும் திரும்பப் பண்ண மாட்டான், நமக்கும் கேட்க நேரம் இருக்காது. எல்லாத்தையும் ஒரே நாள்ல கேட்கணும்னு உக்காராதீங்க, ஒரு நாளைக்கு ஒரு வரிசைனு வச்சுக்கிட்டா பஸ்லயோ மதிய இடைவேளையிலயோ கேட்டு முடிச்சிடலாம். ஃபைல் பேர் பிள்ளையோட ரோல் நம்பர்னு முதல்லயே பழக்கிடுங்க, இல்லன்னா "ரெக்கார்டிங் 001, 002"னு வரும், யாரோட குரல்னு கண்டுபிடிக்கவே ஒரு பீரியட் போயிடும். பழசு சிலதை அழிக்காம வச்சிருங்க. வருஷக் கடைசில முதல் மாசத்து ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினா பிள்ளைங்க நம்ப மாட்டாங்க, "இது நான் இல்ல மிஸ்"னு சத்தியம் பண்ணுவாங்க.

வாய்ஸ் டைப்பிங்கும் இதே மாதிரிதான் வேலை செய்யுது, தமிழ்ல பேசினா எழுத்தா வருது, "பழம்"னு அழுத்தாம சொன்னா சில நேரம் "பலம்"னு வந்து நிக்கும், பசங்களுக்கு ஒரே சிரிப்பு, ழகரம் வர்ற வரைக்கும் விடாம போனோட மல்லுக்கட்டுவாங்க. ஆனா கட்டுரை எழுத இதை விட்டுட்டா ரகர றகரம், ஒற்று எதுவுமே கையில தங்காது. உச்சரிப்புக்கு மட்டும் வச்சுக்கறேன், எழுத்து பேனாவுலதான்.

சயின்ஸுக்கு வந்தா, பழைய போன் மாதிரி ஒரு லேப் சாமான் கிடையாது. டிஸ்ப்ளே ஓரத்துல விரிசல் விட்ட போன்ல கூட மைக் இருக்கு, அசைவை அளக்கற ஆக்ஸிலரோமீட்டர் இருக்கு, நிறைய போன்ல காந்தப்புலம் அளக்கற சென்சார் இருக்கு. ஜெர்மனியில ஆகென் பல்கலைக்கழகத்துல 2016ல வெளியிட்ட ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் இந்த சென்சார் எல்லாத்தையும் அளவுகோலா மாத்திக் குடுக்குது, இலவசம், ஒரு தடவை இறக்கிட்டா இன்டர்நெட் தேவையில்ல. அதுல சத்தத்தைக் கேட்டு ஓடற ஸ்டாப்வாட்ச் ஒண்ணு இருக்கு. கை தட்டினா ஓட ஆரம்பிக்கும், அடுத்த தட்டுல நிக்கும்.

இதை வச்சு ஒலியோட வேகத்தை நாங்க வராண்டாவுலயே அளந்தோம். ரெண்டு போனை சரியா 5 மீட்டர் தள்ளி தரையில வைக்கணும். முதல் போன் பக்கத்துல ஒரு பொண்ணு தட்டுவா, ரெண்டு போனும் ஓட ஆரம்பிக்கும், ஆனா தூரத்துல இருக்கறது கொஞ்சம் லேட்டா ஆரம்பிக்கும், ஏன்னா சத்தம் அங்க போய்ச் சேரணும். அப்புறம் ரெண்டாவது போன் பக்கத்துல இன்னொருத்தி தட்டுவா, இப்ப அந்த போன் உடனே நிக்கும், முதல் போன் லேட்டா நிக்கும். ரெண்டு போன்லயும் இருக்கற நேரத்தைக் கழிச்சா வர்றது சத்தம் போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர் போக எடுத்துக்கிட்ட நேரம். எங்களுக்கு 0.029 செகண்ட் வந்துச்சு, 10ஐ அதால வகுத்தா 345 பக்கம். புத்தகத்துல 20 டிகிரியில 343 மீட்டர்னு போட்டிருக்கும். பசங்க கத்தின கத்துல பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க, அந்த சத்தத்துல இன்னொரு குரூப்போட ஸ்டாப்வாட்ச் நின்னு போச்சு, அது வேற விஷயம்.

நான் சொல்ல வந்தது அடுத்த குரூப் பத்தி. அவங்களுக்கு 430 வந்துச்சு. வேற நேரமா இருந்தா "தப்பு, 343னு எழுதிக்கோங்க"னு முடிஞ்சிருக்கும், லேப் நோட்டுல எல்லாருக்கும் எப்பவும் சரியான விடைதானே இருக்கும். இவங்களுக்கு திரும்பப் பண்ண ஒரு நிமிஷம்தான் ஆகும்ங்கறதால திரும்பத் திரும்பப் பண்ணாங்க, மறுபடி மறுபடி 430 பக்கமே வருது. கடைசில ஒரு பொண்ணு கவனிச்சா, தட்டறவ போன்கிட்ட நிக்காம ஒரு மீட்டர் உள்ள தள்ளி, ரெண்டு போனுக்கும் நடுவுல நிக்கிறா. அப்ப கிட்ட இருக்கற போனுக்கு 1 மீட்டர், தூரத்து போனுக்கு 4 மீட்டர், வித்தியாசம் 3தான், 5 இல்ல, இன்னொரு பக்கம் தட்டறவ சரியா நின்னதால அங்க 5. மொத்தம் 8னு போட்டு வகுத்தாங்க, 343 பக்கம் வந்துடுச்சு. அந்தத் தப்பான எண் அவங்களுக்குக் கத்துக் குடுத்த அளவுக்கு சரியான எண் முதல் குரூப்புக்குக் கத்துக் குடுக்கல, அது உறுதி. ஒரு உபரி தகவல், மட்டமான போன்ல மைக் கொஞ்சம் மந்தமா இருந்தாலும் இந்த சோதனைக்குப் பரவாயில்ல, ஆரம்பிக்கும்போதும் அதே தாமதம் நிக்கும்போதும் அதே தாமதம், கழிச்சா போயிடும். சத்தம் அதிகமா இருக்கற இடம்னா ஆப்ல த்ரெஷோல்டை, அதாவது எவ்ளோ சத்தம் வந்தா ஸ்டாப்வாட்ச் ஓடணும்ங்கற அளவை, ஏத்தி வச்சுக்கோங்க.

வீடியோ பத்தி எனக்கு அவ்ளோ உற்சாகம் இல்ல. பத்து நிமிஷ வீடியோ போட்டா வகுப்பு அமைதியா இருக்கும், அந்த அமைதியைப் பார்த்து புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சுடக் கூடாது. நான் பண்றது, வீடியோவை நடுவுல நிறுத்தி "அடுத்து என்ன நடக்கும், நோட்டுல எழுது"னு சொல்லுவேன், எழுதினப்புறம்தான் ஓட விடுவேன். அதை விட ஃபெட்னு கொலராடோ பல்கலைக்கழகம் போட்டிருக்கற சிமுலேஷன் நூறு மடங்கு மேல், நோபல் பரிசு வாங்கின கார்ல் வீமன் 2002ல ஆரம்பிச்சது. மின்சுற்றுல பேட்டரியும் பல்பும் இழுத்து வச்சு தானே இணைக்கலாம், ஷார்ட் சர்க்யூட் ஆனா திரையில தீ எரியும், பசங்க முதல்ல வேணும்னே தீ வைப்பாங்க, வைக்கட்டும், ஏன் எரியுதுன்னு அப்புறம் கேட்டுக்கலாம். சாதாரண டேப்லெட் பிரவுசர்லயே ஓடுது.

இன்டர்நெட் இல்லாத பள்ளிக்கு இதெல்லாம் எப்படின்னு கேப்பீங்க. வகுப்பு நேரத்துல எல்லா டேப்லெட்டும் நெட்டுல இருக்கணும்ங்கறதே தேவையில்லாத ஆசைன்னு நான் சொல்லுவேன், இருபது கருவி ஒரே நேரத்துல ஒரு கனெக்‌ஷன்ல தொங்கினா எல்லாருக்கும் வட்டம்தான் சுத்தும், பாதி பீரியட் "மிஸ் வரல மிஸ்"லயே போயிடும். லேர்னிங் ஈக்வாலிட்டினு ஒரு அமைப்பு கொலிப்ரினு ஒரு இலவச மென்பொருள் குடுக்கறாங்க, ஒரு கம்ப்யூட்டர்ல நெட் இருக்கற இடத்துல வச்சு பாடங்களை இறக்கிக்கலாம், அப்புறம் வகுப்புல ஒரு வைஃபை ரூட்டர் மட்டும் இருந்தா போதும், வெளி இணைப்பு இல்லாமலே டேப்லெட் எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துக்கும். யார் எந்தக் கேள்வியில எத்தனை தடவை முயற்சி பண்ணாங்கன்னும் டீச்சருக்குக் காட்டும், இது எனக்கு மார்க்கை விட உபயோகம். பாடம் குடுக்கற அந்தக் கம்ப்யூட்டர் பெருசா இருக்க வேண்டாம், ராஸ்பெரி பைனு உள்ளங்கை அளவு குட்டி கம்ப்யூட்டர் போர்டு 2012ல 35 டாலருக்கு வந்துச்சு, அதுக்கு அப்புறம் வந்த மாடல்களே இதைத் தாங்கும். கிவிக்ஸ் போட்டா விக்கிபீடியா முழுசும் நெட் இல்லாம படிக்கலாம், தமிழ் விக்கிபீடியாவும் கிடைக்குது, இடம் பத்தலன்னா படம் இல்லாத பதிப்பை எடுங்க, ரொம்ப சின்னது.

இப்ப யாரும் பேசாத பக்கம். கருவி விலை இறங்கிடுச்சு, அதைக் கட்டி மேய்க்கற வேலை இறங்கல. சார்ஜ் போடறது யாரு, உடைஞ்சா யாருகிட்ட சொல்றது, பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், இந்த மூணுக்கும் ஆள் பேரை எழுதி ஒட்டாம டேப்லெட்டை வாங்கிடாதீங்க. நாங்க எட்டாவது பசங்க நாலு பேருக்கு அந்தப் பொறுப்பைக் குடுத்திருக்கோம், சாயங்காலம் எண்ணி வைக்கிறது, சார்ஜ்ல போடறது, பழுதை நோட்டுல எழுதறது எல்லாம் அவங்கதான். வேலை சுத்தமா நடக்குது, எங்களை விட கண்டிப்பாவும் இருக்காங்க, நான் ஒரு தடவை கையெழுத்து போடாம எடுத்துட்டுப் போனதுக்கு எனக்கே நோட்டீஸ் வந்துச்சு.

சார்ஜ் போடும்போது ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, லித்தியம் பேட்டரிக்கு சூடுதான் முதல் எதிரி, பேட்டரி உப்பி பின்னாடி மூடி தூக்கிக்கிட்டா அதை உடனே தனியா எடுத்து வச்சிடணும், "இன்னும் ஓடுதே"னு பிள்ளைங்க கையில குடுக்கவே கூடாது. நீண்ட லீவுக்கு முன்னாடி முழுசா சார்ஜ் ஏத்தியும் வைக்கக் கூடாது, காலி பண்ணியும் வைக்கக் கூடாது, பாதியில நிறுத்தி ஆஃப் பண்ணி வச்சா திரும்ப வரும்போது உயிரோட இருக்கும். அப்புறம் சார்ஜிங் பாயின்ட். எங்ககிட்ட செத்துப் போன டேப்லெட்ல பாதிக்கு மேல சார்ஜிங் ஓட்டை லூஸ் ஆகித்தான் செத்துச்சு, பழைய மைக்ரோ யுஎஸ்பி பின்னை பசங்க தலைகீழா சொருகிடுவாங்க. புதுசா வாங்கறவங்க, எந்தப் பக்கம் சொருகினாலும் போகற டைப் சி தான் வேணும்னு அடம் பிடிங்க. ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கான்னும் பாருங்க, ப்ளூடூத் இயர்போனை பள்ளிக்கூடத்துல பராமரிக்கவே முடியாது, ஒயர் வச்சதுதான் காணாம போகாம இருக்கும்.

ஸ்டோரேஜ் பெட்டியில எழுதியிருக்கறதை நம்பாதீங்க, சிஸ்டமே ஒரு பெரிய பங்கை எடுத்துக்கும், 16 ஜிபின்னா பாடம் வைக்க கையில மிஞ்சறது கொஞ்சம்தான். ராம் 2 ஜிபின்னா ஒரு ஆப்ல இருந்து இன்னொண்ணுக்குப் போறதுக்குள்ள பசங்க பொறுமை போயிடும், அதுக்கு மேல பாருங்க. எத்தனை வருஷம் அப்டேட் வரும்னு கேட்டு வாங்குங்க. கூகுள் சிஸ்டத்துல ஓடற லேப்டாப்பான குரோம்புக்குக்கு எந்தத் தேதி வரைக்கும் அப்டேட்னு முன்னாடியே போட்டிருப்பாங்க, 2021ல இருந்து வந்த மாடலுக்கு 10 வருஷம்னு 2023ல நீட்டிச்சாங்க, செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது மிச்சம் எத்தனை வருஷம்னு பார்க்கணும், மலிவா கிடைக்குதுன்னு வாங்கிட்டு அடுத்த வருஷமே காலாவதி ஆனதும் உண்டு. கவனம் சிதறறதுக்கு ஆண்ட்ராய்டுலயே ஆப் பின்னிங்னு ஒரு வசதி இருக்கு, செக்யூரிட்டி செட்டிங்ல தேடினா கிடைக்கும், வெளிய வர பின் நம்பர் கேக்கணும்ங்கற ஆப்ஷனையும் சேர்த்துப் போட்டு ஒரு ஆப்பை பின் பண்ணிட்டா, நம்பர் தெரியாம வெளிய போக முடியாது. காசு குடுத்து வாங்கற கன்ட்ரோல் மென்பொருளை விட இதுவே எங்களுக்குப் போதுமா இருந்துச்சு.

வீட்டுப் பாடத்துக்கு போனை நம்பறது வேற கதை. 2020ல பள்ளி எல்லாம் மூடினப்போ யுனிசெஃபும், ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவும் சேர்ந்து ஒரு கணக்கு சொன்னாங்க, 3 வயசுல இருந்து 17 வரைக்கும் உள்ள பிள்ளைங்கள்ல மூணுல ரெண்டு பங்கு, அதாவது 130 கோடி பேருக்கு வீட்ல இன்டர்நெட் இல்லன்னு. வீட்ல ஒரு போன் இருக்குன்னா அது பிள்ளையோட போன்னு அர்த்தம் இல்ல. அது அப்பா கூட வேலைக்குப் போகும், ராத்திரி எட்டு மணிக்குதான் திரும்பும், வந்ததும் அண்ணன் கைக்குப் போகும், தங்கச்சிக்கு வரும்போது பத்து சதவீதம் சார்ஜ் இருக்கும், அதுவும் அம்மா யாருக்கோ பேசிட்டு இருப்பாங்க. அதனால அன்னைக்கே முடிக்கணும்னு ஆன்லைன் வேலை குடுக்கறதை நான் நிறுத்திட்டேன், நாலு நாள் அவகாசம், அதுவும் ஒரே ஒரு போட்டோ, இல்லன்னா ரெண்டு நிமிஷ ஆடியோ. வீடியோவா அனுப்பினா நாலு மெசேஜுக்குள்ள போன் மெமரி ஃபுல் ஆகும், அவங்க அழிக்கிறதுல முதல்ல போறது நம்ம பாடம்தான். பிள்ளைங்க பேர்ல அக்கவுன்ட் திறக்கும்போது வயசைப் பொய்யா போடாதீங்க, பெரும்பாலான சேவைக்கு 13 வயசுன்னு வரம்பு இருக்கு, அதுக்குக் கீழன்னா பெற்றோர் மேற்பார்வையோட வர்ற அக்கவுன்ட்தான். வகுப்பு குரூப்ல பிள்ளைங்க முகம் தெரியற போட்டோவை போடறதையும் நாங்க விட்டாச்சு.

போனைத் தடை பண்ணணுமான்னு கேட்டா, 2023ல யுனெஸ்கோ ரிப்போர்ட் வந்தப்போ நாலுல ஒண்ணுக்கும் குறைவான நாடுகள்தான் சட்டமாவோ கொள்கையாவோ தடை வச்சிருந்தாங்க, அதுக்கப்புறம் எண்ணிக்கை ஏறிட்டு வருது. நான் இதுல பழமைவாதிதான். பிள்ளையோட சொந்த போன் பைக்குள்ளயோ ஆஃபீஸ்லயோ இருக்கட்டும், பள்ளியோட டேப்லெட் வேலை இருக்கும்போது வெளிய வரட்டும், வேலை முடிஞ்சா கவுத்து வைக்கட்டும். "ஸ்க்ரீன் கீழ"னு சொன்னா எல்லாம் கவுந்துடணும், அதை முதல் வாரமே விளையாட்டு மாதிரி பழக்கிட்டா அப்புறம் தொண்டை வலிக்காது.

கணக்கை போட்டோ எடுத்தா விடை சொல்ற ஆப்பும், கேட்டா கட்டுரையே எழுதித் தர்ற ஏஐயும் இப்ப மலிவு போன்லயே வந்துடுச்சு. வீட்டுப் பாடம்னு பத்து கணக்கு குடுத்தா பத்தும் சரியா வரும், ஒரே கையெழுத்துல, ஒரே படிகள்ல, நம்மளே எழுதாத ஒரு முறையில. திட்டி பிரயோஜனம் இல்ல. நான் இப்ப ரெண்டே கணக்கு குடுக்கறேன், கூடவே "ரெண்டாவது படியில ஏன் வகுத்தன்னு ஒரு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணு". ஏஐ கிட்ட கேட்டுட்டு வந்து பேசறவனும் இருக்கான், ஆனா பேசணும்னா புரிஞ்சிருக்கணும், பாதியில "அது வந்து... அது வந்து"னு இழுக்கும்போது அவனுக்கே தெரிஞ்சிடும், அழிச்சிட்டு மறுபடி படிச்சிட்டு வந்து பேசறான். அப்படி வந்தா ஏஐ கிட்ட கேட்டதைப் பத்தி எனக்கு ஆட்சேபம் இல்ல.

காகிதத்தை விட்டுட்டோமான்னா இல்லவே இல்ல. வடிவியல் வரையறது, நீள வகுத்தல், படம் வரைஞ்சு பாகம் குறிக்கிறது எல்லாம் நோட்டுலதான், சின்ன ஸ்க்ரீன்ல விரலால கோணம் வரையச் சொல்றது கொடுமை. டேப்லெட்ல செஞ்சதை நோட்டுல ஒரு வரியாவது எழுதாம யாரையும் எழுந்திரிக்க விடறதில்ல, அடுத்த வாரம் டேப்லெட் சார்ஜ் இல்லாம கிடந்தா நோட்டுதானே கையில இருக்கும்.

பெற்றோர் மீட்டிங்ல எப்பவும் வர்ற கேள்வி, "மிஸ், பிள்ளைக்கு எது வாங்கித் தரலாம்". எட்டாவது வரைக்கும்னா தனியா புது போன் வேண்டாம், வீட்ல இருக்கற பழைய போன்ல சிம்மை எடுத்துட்டு, ரீசெட் பண்ணி, ரெக்கார்டரும் ஃபைஃபாக்ஸும் கிவிக்ஸும் போட்டு ஹால்ல வைங்க, ரூமுக்குள்ள போகக் கூடாதுன்னு சொல்லிடுங்க. ஒன்பதாவதுக்கு மேல எழுத, கோடிங் பழக, கீபோர்டு வேணும், அப்ப செகண்ட் ஹேண்ட் லேப்டாப் புது டேப்லெட்டை விட நல்லது, வாங்கறதுக்கு முன்னாடி சார்ஜரைப் பிடுங்கிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓட்டிப் பாருங்க, பேட்டரி எவ்ளோ இறங்குதுன்னு அங்கயே தெரிஞ்சிடும். கீபோர்டுல எல்லா எழுத்தையும் ஒரு தடவை தட்டிப் பாருங்க, ஸ்பேஸ் பார் உட்பட.